லாபத்துக்கு அடுத்த எண்

மதுரை கே.கே. நகரில் நான் வாரத்துக்கு மூன்று நாள் போய்வரும் அலுவலகத்துக்கு இருபத்திரண்டு படிகள். பதினான்காவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். எண்ணாமல் ஏறினால் நடுவில் ஒரு படி இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம். எழுபத்தொரு வயதில் இதை யாரிடமும் சொல்வதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

வெளியூரில் முப்பத்தாறு ஆண்டுகள் மென்பொருள் கருவிகள் எழுதும் வேலை பார்த்துவிட்டு வில்லாபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் மதுரையிலேயே சிறிய நிறுவனம் தொடங்கியிருந்தார். அவரையும் சேர்த்துப் பதினொரு பேர். மேலூர்ப் பக்கம் கிரானைட் கல்லைப் பலகையாக வெட்டும் ஆலைகளுக்கு, வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சிறு கணினி இருக்கும். அதில் ஓடுகிற புரோகிராமை எழுதியவர் ஒரு பெண். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். அவருடைய அப்பா பழைய நகரத்தில் வளையல் கடை வைத்திருக்கிறார். அந்தப் புரோகிராமுக்கு அவர் இரண்டு வருடம் உழைத்திருந்தார்.

நான் எழுதியது டீபக்கர். இன்னொரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, எந்த இடத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்க உதவும் கருவி. புரோகிராம் நடுவழியில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அதனுடையது.

மேலூர் ஆலையில் அப்படித்தான் நின்றது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை இயந்திரம் பாதிக் கல்லில் அசையாமல் நின்றுவிடும். பெட்டியை அணைத்துப் போட்டால் ஓடும், ஆனால் வெட்டுப்பட்ட கல் வீண். ஆலை முதலாளி, மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆறு பெட்டிகளையும் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் உரிமையாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் வேலையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும், நீங்கள் வாடிக்கையாளர் அழைப்புகளைப் பாருங்கள் என்றார். இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு தொலைபேசி எடுக்கும் வேலை. அவர் சரி என்று மட்டும் சொன்னார். அன்று மாதத்தில் எட்டாம் தேதி.

வழி ஒன்றுதான். ஆலையின் சிறிய அறையில் ஒரு லேப்டாப்பை வைத்து, அதில் என் டீபக்கரை ஓடவிட்டு, பெட்டியோடு கேபிளால் இணைத்துக் காத்திருக்க வேண்டும். இயந்திரம் நிற்கும் அந்த நொடியில் டீபக்கர் உயிரோடு இருக்க வேண்டும். அது முதல் நாளே செத்துப்போனது.

காரணம் எனக்கு விளங்கியது. வெட்டப்போகும் ஒவ்வொரு பலகையின் அளவுக்கும் ஏற்றபடி, பெட்டியிலுள்ள புரோகிராம் ஒரு தனிக் கோப்பை ஏற்றிக்கொள்ளும். பலகை முடிந்ததும் அதை இறக்கிவிடும். இப்படித் தேவைப்படும்போது ஏற்றி இறக்கும் கோப்புகளை எங்கள் தொழிலில் பகிர்வுக் கோப்புகள் என்போம். கோப்பு ஏறும்போது டீபக்கர் அதற்கு ஒரு பதிவை உருவாக்கும், அதிலுள்ள பெயர்கள், வரிகள், முகவரிகள் எல்லாம் அடங்கியது. அந்தப் பதிவைப் பலர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பலர் என்றால் டீபக்கரின் பகுதிகள்: ஏற்றிய கோப்புகளின் பட்டியல், நிறுத்துமிடங்களின் பட்டியல், மாறிகளைக் காட்டும் ஜன்னல். புரோகிராம் கோப்பை இறக்கியதும் நான் பதிவை உடனே அழித்துக்கொண்டிருந்தேன். மாறிகளின் ஜன்னல் அதை அப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லாததைப் படிக்கப் போனால் டீபக்கர் விழாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து பழையது. ஒவ்வொரு பதிவிலும் ஓர் எண்ணை வைக்க வேண்டும். யார் அந்தப் பதிவைப் பிடித்தாலும் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், விட்டால் ஒன்று குறைக்க வேண்டும். எண் பூஜ்யத்துக்கு வந்தால் யாருக்கும் தேவையில்லை என்று பொருள், அப்போது அழிக்கலாம். எண்ணுவதென்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். இரண்டு நாளில் எழுதி முடித்தேன். டீபக்கர் முதல் நாளைத் தாண்டியது, இரண்டாம் நாளையும் தாண்டியது.

மூன்றாம் நாள் மாலை டீ நேரத்துக்கு லேப்டாப் உறைந்துவிட்டது. நினைவகம் முழுக்க நிரம்பிக் கிடந்தது.

ஆலையில் இயந்திரத்தை ஓட்டுபவர் ஐம்பதைத் தொட்டவர், வெட்டிய பலகைகளைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிறவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தொலைபேசியில் அவர்தான் சொன்னார்.

"அய்யா, ஒங்க பொட்டி படுத்துருச்சு."

"பெட்டியா, லேப்டாப்பா?"

"லேப்டாப்புதான். மிசினு நல்லா ஓடுது. வைத்தியருக்குத்தான் காய்ச்சல்."

"எத்தனை பலகை வெட்டியிருந்தது?"

"நானூத்திப் பன்னெண்டு. இம்புட்டு நேரமும் நல்லாத்தான் இருந்துச்சு."

மறுபடி ஓடவிட்டோம். அடுத்த முறை நானூற்று ஒன்பது பலகையில் உறைந்தது. இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் அல்ல. ஒவ்வொரு பலகைக்கும் ஏதோ ஒன்று விடப்படாமல் சேர்கிறது. அதுவரை சரியாகவே யோசித்தேன். அடுத்து நான் செய்ததுதான் தவறு.

டீபக்கரின் நிரலை முழுவதும் அச்சடித்து எடுத்துக்கொண்டு, வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பதிவைப் பிடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் கோடு போட்ட நோட்டில் ஒரு பச்சைக் குறி, விடும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிவப்புக் குறி. பச்சை பதினேழு. சிவப்பு பதினேழு. மூன்று முறை எண்ணினேன். பிறகு என் மனைவியை எண்ணச் சொன்னேன்.

"பதினேழு. இதுக்கா மத்தியானத்துல இருந்து மேசைய அடைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் அவர்.

என் கணக்கு சரியென்றால் தவறு அடுத்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும். உரிமையாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். டீபக்கரைச் சரிபார்த்துவிட்டேன், அதில் பிடிப்பதும் விடுவதும் சமம், புரோகிராம் கோப்புகளைச் சரியாக இறக்கவில்லை என்று தோன்றுகிறது, இயந்திரம் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். நான்கு வாக்கியங்கள். தோன்றுகிறது, இருக்கக்கூடும் என்றெல்லாம் ஜாக்கிரதையாகப் போட்டிருந்தேன். படித்தவர்கள் ஜாக்கிரதையாக எழுதுவதைப் படிப்பவர்கள் ஜாக்கிரதையாகப் படிப்பதில்லை. உரிமையாளர் மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. மறுநாளே அந்தப் பெண்ணின் மேசைக்கு அழைப்புகளைத் திருப்பிவிட்டார். புரோகிராமைத் திருத்தும் வேலை அந்த மாதம் முடியும் வரை அவரிடமே இருக்கும், ஆனால் அழைப்புகளுக்கு நடுவில்.

அடுத்த முறை நான் படியேறிப் போனபோது அவர் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"சார், பெட்டியில மெமரி மூணு நாளும் ஒரே கோடா இருக்கு, பாருங்க. ஏறவே இல்ல. ஏறுறது ஒங்க லேப்டாப்புலதான்."

"டீபக்கர் உங்க புரோகிராமைத்தானேம்மா பார்த்துட்டு இருக்கு. அங்க இறக்காதது இங்கயும் சேரும்."

"அங்க இறக்குது சார்."

"நான் எண்ணிட்டேன். பதினேழு, பதினேழு."

அவர் தாளை மடித்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் மேசையில் தொலைபேசி அடித்தது. போய் எடுத்து, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேசிய யாருக்கோ பெட்டியின் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். ஒரே விஷயத்தை நான்கு முறை சொன்னார். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, காதில் விழுந்தது.

மூன்றாம் முறையும் லேப்டாப் உறைந்தது. நானூற்றுப் பதினொன்று. தேதி பத்தொன்பது. இடையில் இயந்திரமும் நின்றது, ஆனால் லேப்டாப் உறைந்து கிடந்த நேரம் பார்த்து. மூன்று நாள் காத்திருந்தால் இன்னொரு முறை உறையும், அவ்வளவுதான். அன்று மதியம் அவர் மறுபடி வந்தார். இம்முறை கையில் எதுவும் இல்லை.

"சார், டீபக்கர் பிரின்ட்டைக் குடுங்க. நானும் ஒருதடவை எண்ணிப் பாக்குறேன்."

கொடுக்க எனக்கு மனமில்லை. என் நிரலை அடுத்தவர் படிப்பது, என் சட்டைப் பையில் அடுத்தவர் கை விடுவதுபோல. ஆனாலும் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்தபடி படித்தார். இடையில் இரண்டு அழைப்புகள் வந்தன. போய்ப் பேசிவிட்டு விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தார்.

"பதினேழு சரிதான் சார்," என்றார் கடைசியில்.

"நான்தான் சொன்னேனே."

"இங்க ஒண்ணு இருக்கே, இதுக்கு நீங்க குறி போடல. இதென்ன, 'லாபம்'னு எழுதியிருக்கீங்க?"

பதிவு உருவாகும் வரி அது. உருவாகும்போதே எண்ணை ஒன்று என்று வைத்திருந்தேன். பக்கத்தில், எனக்கு மட்டும் புரிவதற்காக, குறிப்பாக 'லாபம்' என்று தமிழில் எழுதியிருந்தேன். வழக்கத்தைச் சொன்னேன். நெல்லோ அரிசியோ படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வார்கள். நான் வளர்ந்த மேலூர் வீட்டில் அப்படித்தான் அளந்தார்கள். ஒரு பதிவைப் பூஜ்யத்தில் தொடங்க எனக்குக் கை வரவில்லை. பிறந்த நொடியிலேயே யாருக்கும் வேண்டாததுபோல ஆகிவிடுகிறது, எவராவது வந்து பிடிப்பதற்குள் அழிந்துவிடுமோ என்று பயம். அதனால் ஒரு லாபம் வைத்தேன். அது ஒருவர் பிடிப்பதல்ல, தொடக்கம். அதனால்தான் பச்சைக் குறி போடவில்லை.

அவர் சிரித்தார். கிண்டல் இல்லாத சிரிப்பு.

"எங்க வீட்டுலயும் உண்டு சார். அம்மா அரிசி அளந்தா ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. 'பரக்கத்'தும்பாங்க."

"அதேதான்."

"பரக்கத், ரெண்டு, மூணு, நாலு." விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "சார், பரக்கத்துக்கு அப்புறம் ஒண்ணு கிடையாதே. நேரா ரெண்டுதானே."

நான் ஆமாம் என்றேன்.

"நீங்க இங்க லாபம் போடுறீங்க. அடுத்த வரியிலேயே பட்டியல் வந்து பிடிக்குது, அதுக்கு ஒண்ணு கூட்டுறீங்க. லாபம், ஒண்ணு, ரெண்டுன்னு போகுது. அப்ப இந்த லாபத்தை விடுறது யாரு?"

நான் தாளைப் பார்த்தேன். பட்டியல் பிடிக்கிறது, பட்டியல் விடுகிறது. ஜன்னல் பிடிக்கிறது, ஜன்னல் விடுகிறது. பதினேழும் வந்த வழியே போய்விடுகின்றன. எண் ஒன்றில் நிற்கிறது. அந்த ஒன்று யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாததை யார் வந்து விடுவது? பலகைக்கு ஒரு பதிவு, நானூற்றுச் சொச்சம் பதிவுகள், ஒன்றுகூடச் சாகாமல் என் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தன. லாபம்தான் ஒன்று. நான் அதை ஒன்றுக்கு முந்தைய ஏதோவாக நினைத்துவிட்டேன். ஒரு படி அரிசியை அளந்துவிட்டு இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

"பதினெட்டு," என்றேன். "பச்சை பதினெட்டு."

"ஆமா சார்," என்றார். மெயிலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தொலைபேசி அடித்தது, போனார்.

திருத்துவதற்கு ஒரு வரியை அழித்தால் போதும். லாபத்தையே பட்டியலின் பிடியாக்கிவிட்டால் பட்டியலுக்கென்று தனியாக ஒன்று கூட்ட வேண்டியதில்லை. அழித்தேன். லாபத்துக்கு நோட்டில் குறி இல்லை, அதனால் இப்போது பச்சை பதினாறு, சிவப்பு பதினேழு. பார்க்கப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் அதுதான் சரி.

அன்று மாலை வீட்டில் என் மனைவி மறுநாள் இட்லிக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. நாற்பத்து மூன்று வருடமாக என் காதுபடத்தான் இப்படி அளக்கிறார்.

"என்ன, ஒட்டுக் கேக்குறீங்க? அரிசி கொறையுதா?"

"இல்ல. சரியா இருக்கு."

தவறு என்னுடையது என்ற மெயிலை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. திருத்தம் சரிதானா என்று தெரியாமல் எழுதுவது பொறுப்பில்லை, நானூற்றுப் பன்னிரண்டைத் தாண்டட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களிலும் அந்தப் பெண் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் படியேறும்போது எண்ணிக்கை தவறிவிட்டது. கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போனேன். ஆலைக்குள் நுழையும்போது மணி மூன்றரை. அந்தப் பெண்ணும் அன்று அங்கே வந்திருந்தார். கல் தூள் கலந்த தண்ணீர் வாய்க்காலில் பால்போல ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இந்த முறைக்கான சாக்பீஸ் கோடுகளை எண்ணினேன், முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"அய்யாவே நேர்ல வந்துட்டாக. இன்னைக்குப் படுக்காதுல்ல?" என்றார் இயந்திரம் ஓட்டுபவர்.

"பாப்போம்."

"தங்கச்சி, நீ சொல்லு. படுக்குமா?"

"படுக்காதுண்ணே. லாபத்தைக் கழிச்சாச்சு."

"கல்லுல லாபமே வரலன்னு மொதலாளி பொலம்புறாரு. இருந்ததையும் நீங்க கழிச்சிட்டீங்களா?"

ஒரு பலகைக்கு நான்கு நிமிடம். நானூற்றொன்பது போனது. நானூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. லேப்டாப்பில் நினைவகக் கோடு காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. நானூற்றிருபது வரை நின்றேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மெயிலைத் தட்டினேன். நினைவகத் தவறு டீபக்கரில் இருந்தது, அதை எழுதியவன் நான், கண்டுபிடித்தவர் அவர், என் முந்தைய மெயிலில் அவர் புரோகிராமைப் பற்றிச் சொன்னது தவறு. இதுவும் நான்கு வாக்கியங்கள். தோன்றுகிறது, இருக்கக்கூடும் எதுவும் இல்லை. ஒத்தக்கடை வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

உரிமையாளர் அன்று இரவே கூப்பிட்டார். "சார், இதை மூணு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் அழைப்புகள் பழையபடி வரவேற்பு மேசைக்குப் போயின. ஆனால் மாதக் கடைசிக் கெடு அப்படியே இருந்தது, இயந்திரம் ஏன் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மெயில் எழுதியதால் அது மாறிவிடாது.

இருபத்துநான்காம் தேதி காலை பதினொன்றேகாலுக்கு அந்தப் பெண் மேலூரிலிருந்து பேசினார்.

"சார், நின்னுருச்சு. அறுநூத்திப் பதினொண்ணு. டீபக்கர் படுக்காம இருக்கு, வரியக் காட்டுது."

"யார் வரி?"

"என் வரிதான் சார்." குரலில் தயக்கமே இல்லை. வெட்டும் தகடு மேலே தூக்கப்படும் அந்த ஒரு நொடியில் யாராவது நிறுத்தும் பொத்தானை அமுக்கினால், வராத ஒரு பதிலுக்காகப் புரோகிராம் காத்துக்கொண்டே நிற்கிறது. நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் அந்த நொடியும் அந்தப் பொத்தானும் சேர்ந்து அமையும். பின்னால் இயந்திரம் ஓட்டுபவரின் குரல் கேட்டது.

"அப்ப நான் டீக்குப் போனதுதான் குத்தமா தங்கச்சி?"

"நீங்க டீ குடிங்கண்ணே. நான் மாத்திர்றேன்."

பத்து நிமிடத்தில் உரிமையாளருக்கும் எனக்கும் அவருடைய மெயில் வந்துவிட்டது. தவறு என் புரோகிராமில், இன்ன வரியில், மாலைக்குள் திருத்தி அனுப்புகிறேன். நேரத்தைக் குறித்துவைத்தேன். எனக்கு மூன்று நாள் ஆனது, அவருக்குப் பத்து நிமிடம். கண்டுபிடித்தவரே தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று உரிமையாளர் பதில் போட்டார். பெட்டிகள் ஆறும் ஆலையிலேயே இருக்கின்றன.

அடுத்த வாரம் லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். டீபக்கரை மூடும்போது, அழிக்கப்படாமல் எத்தனை பதிவுகள் மிச்சம் என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். மூடினேன். பூஜ்யம் என்று வந்தது. மறுபடி திறந்து மூடினேன். அப்போதும் பூஜ்யம்.

நிரலில் அந்தக் குறிப்பை நான் அழிக்கவில்லை. பிறகொரு நாள் திறந்து பார்த்தபோது, 'லாபம்' என்பதற்குக் கீழே அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். "இதுதான் பட்டியலின் பிடி. அடுத்து வருவது இரண்டு."